பேறுகால இதயத்தசை நோய்க்குப் பின் மீண்டும் கருத்தரிக்கலாமா: ஒரு நிகழ்வு ஆய்வு

கர்ப்பத்தின் இறுதியிலோ பேற்றுக்குப் பிந்தைய மாதங்களிலோ இதயத்தசை பலவீனமாகும் பேறுகால இதயத்தசை நோயிலிருந்து தேறிய ஒருவர் இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்கும்போது, கடைசியாக எடுத்த எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) அறிக்கையைப் பார்த்து, இதயத்தின் இடது கீழறையின் வெளியேற்ற விகிதம் (அறையில் நிறையும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படும் பங்கு) 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ‘பெற்றுக்கொள்ளலாம், கவனமாக இருங்கள்’ என்றும், கீழே இருந்தால் ‘வேண்டாம்’ என்றும் சொல்லி அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் மாறவில்லை. அறிக்கையில் இருப்பது மருந்துகளின் துணையோடு இயங்கும் இதயத்தின் எண். அம்மருந்துகளில் முக்கியமானவற்றைக் கர்ப்ப காலத்தில் தர முடியாது. எனவே அந்த எண்ணை மட்டும் வைத்துக் கூறப்படும் விடை, கேட்கப்பட்ட கேள்விக்குரிய விடையாக இருப்பதில்லை. இக்கட்டுரையில் விவரிக்கப்படுவது கற்பித்தலுக்காகத் தொகுத்து அமைக்கப்பட்ட நிகழ்வு. எந்தத் தனி நோயாளியின் கோப்பும் அன்று.

முதல் பேறும் நோயும்

நோயாளிக்கு முதல் பேற்றின்போது வயது 28. அதற்கு முன் இதய நோயோ, சர்க்கரை நோயோ, உயர் இரத்த அழுத்தமோ இருந்ததில்லை. கர்ப்பத்தின் 36ஆவது வாரத்தில் இரத்த அழுத்தம் உயர்ந்து, சிறுநீரில் புரதம் காணப்பட்டு, பிரீஎக்லாம்சியா என்று கண்டறியப்பட்டதால் 37ஆவது வாரத்தில் அறுவைச் சிகிச்சை மூலம் பெண் குழந்தை பிறந்தது. வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. இரவில் மல்லாந்து படுக்க முடியாமல், முதலில் இரண்டு தலையணை, பிறகு மூன்று, கடைசியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே குழந்தைக்குப் பால் கொடுத்திருக்கிறார். பிரசவக் களைப்பு, தூக்கமின்மை, இரத்தசோகை என்று ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். எந்தக் காரணமும் பொருந்தாததாகத் தோன்றவில்லை. இந்நோயில் நாட்கள் வீணாவது பெரும்பாலும் இப்படித்தான். புதிதாகக் குழந்தை பெற்ற எவருக்கும் இருக்கக்கூடிய அறிகுறிகளே இதற்கும் அறிகுறிகள். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவதும் எழுந்து உட்கார்ந்தால் தணிவதும் களைப்பினால் வருபவை அல்ல.

பிரசவமான 11ஆம் நாள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 124, இரத்த அழுத்தம் 138/92, ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம். இரு நுரையீரல்களின் அடிப்பகுதியிலும் ஈர ஒலி கேட்டது. எக்கோவில் இடது கீழறை விரிந்து, விரிந்த நிலையில் அதன் உள்விட்டம் 57 மி.மீ. ஆகவும், வெளியேற்ற விகிதம், அதாவது நோயாளிகள் ‘பம்பிங்’ என்று சொல்லும் எண், 27 சதவீதமாகவும் இருந்தது. மைட்ரல் வால்வில் மிதமான கசிவு இருந்தது, இரத்தக்கட்டி இல்லை. நுரையீரல் தமனி அடைப்பும் தைராய்டு கோளாறும் பரிசோதனைகள் மூலம் விலக்கப்பட்டன. கர்ப்பத்தின் இறுதியிலோ பேற்றுக்குப் பிந்தைய மாதங்களிலோ தோன்றும் இதயச் செயலிழப்பு, 45 சதவீதத்துக்குக் குறைந்த வெளியேற்ற விகிதம், வேறு காரணம் எதுவும் இல்லாமை ஆகிய மூன்றும் சேர்ந்தே இந்நோயை வரையறுக்கின்றன. இவரிடம் மூன்றும் இருந்தன.

ஆக்சிஜன், ஃபுரோசெமைடு, நைட்ரேட் ஆகியவற்றால் நிலை சீரான பின் இதயச் செயலிழப்புக்கான மருந்துகளான எனலாப்ரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை படிப்படியாகத் தொடங்கப்பட்டன. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோன் சிதைந்து உருவாகும் 16 கிலோடால்டன் துண்டு இதயத்தசையின் நுண் இரத்தக்குழாய்களைச் சேதப்படுத்துகிறது என்ற கருத்தின் அடிப்படையில், அந்த ஹார்மோனைக் குறைக்கும் புரோமோகிரிப்டின் நாளொன்றுக்கு 2.5 மி.கி. என ஒரு வாரம் தரப்பட்டது. அம்மருந்து இரத்தக்கட்டி உருவாகும் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்பதால் ஹெப்பாரினும் உடன் தரப்பட்டது. பால் நின்றுபோனது. மூச்சுத் திணறலை மறந்துவிட்ட பின்னரும் அதை அவர் மறக்கவில்லை என்பது, மூன்றரை ஆண்டு கழித்து நடந்த உரையாடலில் எங்களுக்குத் தெரியவந்தது. இன்னொரு குழந்தை வேண்டும் என்பதற்கு அவர் கூறிய காரணங்களில் அதுவும் ஒன்று.

தேறுதல் மெதுவாக நிகழ்ந்தது. வெளியேற்ற விகிதம் ஆறாம் வாரத்தில் 34, ஆறாம் மாதத்தில் 46, ஓராண்டில் 54 சதவீதம். அமெரிக்காவில் 100 பெண்களைப் பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஆய்வில் ஓராண்டுக்குள் 72 சதவீதத்தினரிடம் இவ்விகிதம் 50ஐ எட்டியது. தொடக்கத்திலேயே விகிதம் 30க்குக் கீழும் கீழறை 6 செ.மீ. அல்லது அதற்கு மேலும் இருந்தவர்களில் எவரும் அந்நிலையை எட்டவில்லை. 27 சதவீதத்தில் தொடங்கியபோதும் இவருடைய கீழறை அந்த அளவுக்கு விரியாமல் இருந்தது இவருக்குச் சாதகமாக அமைந்தது எனலாம்.

இரண்டாம் குழந்தை பற்றிய கேள்வி

மகளுக்கு மூன்றரை வயதானபோது கணவருடன் ஆலோசனைக்கு வந்தார். மாடிப்படி ஏறுவதில் சிரமம் இல்லை, வேலைக்குப் போய்வருகிறார். எனலாப்ரில், மெட்டோப்ரோலால், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றையும் தொடர்ந்து எடுத்துவந்தார். வெளியேற்ற விகிதம் 56, கீழறையின் உள்விட்டம் 52 மி.மீ., இதயச் சுமையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான என்.டி. புரோ-பி.என்.பி. அளவு இயல்பு. வேறொரு மருத்துவமனையில் அவருக்கு எழுதித் தரப்பட்ட சுருக்கத்தில் ‘முழுமையாகக் குணமடைந்துள்ளார், கருத்தரிக்கத் தடையில்லை’ என்றிருந்தது.

நாங்கள் மேலும் நான்கு விஷயங்களைப் பார்த்தோம். இதயத்தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்பதை அளக்கும் எக்கோ முறையில் மதிப்பு இயல்பின் கீழ் எல்லைக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. உடற்பயிற்சியுடன் எடுத்த எக்கோவில் வெளியேற்ற விகிதம் 56இலிருந்து 60க்கு மட்டுமே உயர்ந்தது. நல்ல இருப்புச் சக்தி உள்ள இதயம் இதைவிட அதிகமாக உயர்த்திக் காட்டும். குடும்ப வரலாற்றை விரிவாகக் கேட்டபோது, தந்தையின் தம்பி நாற்பதுகளில் திடீரென்று இறந்தது தெரியவந்தது. இந்நோய் வந்த 172 பெண்களைப் பரிசோதித்து 2016இல் வெளியான ஆய்வில் 15 சதவீதத்தினரிடம் இதயத்தசை நோய்க்குரிய மரபணுக்களில், புரதம் பாதியிலேயே துண்டிக்கப்படச் செய்யும் மாற்றங்கள் காணப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை டைட்டின் என்ற புரதத்துக்குரிய மரபணுவில் இருந்தன. இவருக்குச் செய்த மரபணுப் பரிசோதனையில் நோயோடு தொடர்புபடுத்தத்தக்க மாற்றம் எதுவும் தென்படவில்லை. அதனால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. பிறக்கும் குழந்தைக்குக் கடத்தப்படக்கூடிய, அறியப்பட்ட ஒரு மாற்றம் இல்லை என்பதை மட்டும் சொல்லலாம். நான்காவதாக, கருத்தடைக்கு என்ன செய்கிறார் என்று கேட்டோம். காப்பர்-டி பொருத்தியிருந்தார். ஆலோசனை முடியும்வரை அதை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது, அன்று நாங்கள் சொன்னவற்றில் மிகவும் பயனுள்ளது என்று பின்னர் தெளிவாயிற்று.

எண்களைப் பேசிய விதம்

அவர் எங்களிடம் கேட்டது ‘மறுபடி இந்த நோய் வருமா’ என்று அல்ல. ‘என் மகளுக்கு நான் இல்லாமல் போய்விட எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?’ என்று கேட்டார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இக்கேள்விக்கு மருத்துவ உலகில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு 2001இல் வெளியானது. முன்பு இந்நோய் வந்த 44 பெண்களின் அடுத்தடுத்த 60 கர்ப்பங்களை அது ஆராய்ந்தது. வெளியேற்ற விகிதம் 50க்கு மீண்டிருந்த 28 பேரில் 21 சதவீதத்தினருக்கும், மீளாத 16 பேரில் 44 சதவீதத்தினருக்கும் மறுபடி இதயச் செயலிழப்பின் அறிகுறிகள் தோன்றின. மீண்டவர்களில் எவரும் இறக்கவில்லை. மீளாதவர்களில் 19 சதவீதத்தினர் இறந்தனர். மீண்டவர்களிடமும் வெளியேற்ற விகிதத்தின் சராசரி 56இலிருந்து 49க்குக் குறைந்தது.

‘எவரும் இறக்கவில்லை’ என்ற சொற்றொடரைக் கேட்டதும் கணவரின் முகம் தெளிந்தது. அங்கேயே நிறுத்திவிடுவது எளிது. பல ஆலோசனைகள் அங்கேயே நின்றும் விடுகின்றன. ஆனால் 28 பேரில் ஒருவரும் இறக்காததை வைத்து ஆபத்து பூஜ்யம் என்று கொள்ள முடியாது. உண்மையான ஆபத்து நூற்றுக்குப் பத்து வரை இருந்தாலும்கூட, 28 பேர் கொண்ட ஒரு சிறு குழுவில் ஒரு மரணமும் நிகழாமல் போக வாய்ப்புண்டு. ஆபத்து அவ்வளவு அதிகம் என்று இதற்குப் பொருளில்லை. இந்த எண்ணை வைத்து அவ்வளவு உறுதியாக எதையும் கூற இயலாது என்பதே பொருள். இதைச் சொன்னபோது அவர் தம் குறிப்பேட்டில் ‘28’ என்று எழுதி அதைச் சுற்றி வட்டமிட்டார்.

ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல், இந்நோய் வந்து முழுமையாக மீண்டவர்களை கர்ப்பகால இதய ஆபத்துக்கான உலகச் சுகாதார நிறுவன வகைப்பாட்டின் மூன்றாம் வகுப்பிலும், குறை சிறிதளவேனும் எஞ்சியவர்களைக் கர்ப்பமே தவிர்க்கப்பட வேண்டிய நான்காம் வகுப்பிலும் வைத்தது. மூன்றாம் வகுப்பில் தாய்க்கு இதயம் சார்ந்த சிக்கல் ஏற்படும் வாய்ப்பு 19 முதல் 27 சதவீதம். நான்காம் வகுப்பில் 40 முதல் 100 சதவீதம். இவர் எந்த வகுப்பைச் சேர்ந்தவர் என்பது, ‘முழுமையாக’ என்பதை மருந்தோடு அளக்கிறோமா, மருந்தில்லாமல் அளக்கிறோமா என்பதைப் பொறுத்தது.

மருந்தை நிறுத்திப் பார்த்தல்

எனலாப்ரில் போன்ற ஏ.சி.இ. தடுப்பான்கள் கருவின் சிறுநீரக வளர்ச்சியைப் பாதிப்பதால் கர்ப்பத்தில் தரக்கூடாதவை. அவற்றை ஒத்த ஏ.ஆர்.பி. வகை மருந்துகளுக்கும் சாகுபிட்ரில்-வால்சார்டான் கூட்டுமருந்துக்கும் இதே தடை உண்டு. ஸ்பைரோனோலாக்டோனும் தவிர்க்கப்பட வேண்டியது. மெட்டோப்ரோலால் தொடரலாம். ஆகவே கர்ப்பம் தொடங்கும் நாளன்று இவருடைய இதயம் எந்த மருந்துநிலையில் இருக்குமோ, அதே நிலைக்கு முன்கூட்டியே கொண்டுவந்து, காப்பர்-டி இருக்கும்போதே, சில மாதங்கள் கவனித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். விரிந்த இதயத்தசை நோயிலிருந்து தேறியவர்களிடம் மருந்தைப் படிப்படியாக நிறுத்திப் பார்த்த, 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நிறுத்திய பிரிவினரில் 44 சதவீதத்தினருக்கு ஆறு மாதங்களுக்குள் நோய் திரும்பியது. பேறுகால இதயத்தசை நோய் வேறானது. அதில் நிலையாகத் தேறும் விகிதம் கூடுதல். என்றாலும் இவருடைய இருப்புச் சக்தி குறைவாக இருந்ததால், நிறுத்திப் பார்க்காமல் அனுமதி அளிக்க எங்களுக்குத் துணிவு வரவில்லை.

முதலில் ஸ்பைரோனோலாக்டோன் நிறுத்தப்பட்டது. நான்கு வாரம் கழித்து எனலாப்ரில் அளவு பாதியாக்கப்பட்டு, பின்னர் முற்றிலும் நிறுத்தப்பட்டது. தினமும் காலையில் எடை பார்த்து எழுதிவைக்கவும், மூச்சு, கால் வீக்கம், இரவு இருமல் ஆகியவற்றைக் கவனிக்கவும் சொல்லியிருந்தோம். எனலாப்ரில் நின்ற ஆறாம் வாரத்தில் வெளியேற்ற விகிதம் 54. மூன்றாம் மாதத்தில் 51. இரண்டுமே அளவீட்டுப் பிழையின் எல்லைக்குள் அடங்கும் என்று வாதிடலாம், வாதிட்டோம். ஐந்தாம் மாதத்தில் 46 சதவீதம், கீழறை 55 மி.மீ., என்.டி. புரோ-பி.என்.பி. முன்னைவிட மூன்று மடங்கு.

தமக்கு ஒன்றும் இல்லை என்றே அவர் கூறினார். எடைக் குறிப்பிலும் மாற்றமில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது நடுவில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிகிறார் என்று கணவர் சொன்னபோது, அவர் மறுக்கவில்லை.

முடிவு குறித்த கருத்து வேறுபாடு

எனலாப்ரில் மறுபடி தொடங்கப்பட்டது. ஸ்பைரோனோலாக்டோன் ஒரு மாதம் கழித்துச் சேர்க்கப்பட்டது. ஆறு மாதத்தில் விகிதம் 53க்குத் திரும்பியது. இங்கே எங்கள் குழுவுக்குள் ஒரு கருத்து வேறுபாடு எழுந்தது. மருந்து தந்தால் இதயம் மறுபடி மேலெழுகிறது. எனவே கர்ப்பத்தில் அனுமதிக்கப்பட்ட ஹைட்ராலசின், நைட்ரேட் ஆகியவற்றை மெட்டோப்ரோலாலுடன் சேர்த்துத் தந்து முயன்று பார்க்கலாம் என்பது ஒரு தரப்பின் வாதம். நோயாளி விரும்பினால் அப்படிச் செய்யும் நிலை வரலாம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் அவை இரத்தக்குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையைக் குறைப்பவை, ஏ.சி.இ. தடுப்பான் இதயத்தசையின் வடிவமாற்றத்தைத் தடுத்து ஆற்றிவரும் வேலையை அவை அப்படியே செய்துவிடும் என்று கொள்ள ஆதாரமில்லை.

சுமையும் சிறியதன்று. கர்ப்பத்தில் உடலிலுள்ள இரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 சதவீதமும், இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்தம் 30 முதல் 50 சதவீதமும் கூடுகின்றன. குழந்தை பிறந்த உடனே கருப்பை சுருங்கி, அதிலிருந்த இரத்தம் உடற்சுழற்சிக்குள் திரும்பிப் பாய்கிறது. பின்வரும் நாட்களில் திசுக்களில் தேங்கிய நீரும் இரத்தத்துக்குள் வருகிறது. எந்தச் சுமையும் இல்லாத நாட்களிலேயே 56இலிருந்து 46க்கு இறங்கிய இதயம் இவற்றைத் தாங்கும் என்று எதிர்பார்க்க எங்களுக்குக் காரணம் கிடைக்கவில்லை. மருந்தின்றி இவரிடம் எஞ்சிய குறை வெளிப்பட்டுவிட்டதால், இவரை நான்காம் வகுப்பில் வைத்தே பேச வேண்டும் என்பது என் நிலைப்பாடு. விவாதத்தின் முடிவில் குழுவும் அதையே ஏற்றது.

இதை அவரிடம் தெரிவித்தபோது, பரிந்துரையை ஒளிவுமறைவின்றிக் கூறினோம்: கருத்தரிக்க வேண்டாம் என்று நாங்கள் கருதுகிறோம். அதோடு, முடிவு அவருடையது என்பதையும், அவர் வேறு விதமாக முடிவு செய்தால் எங்கள் கதவு மூடாது என்பதையும் கூறினோம். இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் முதலாவது அச்சுறுத்தலாகிவிடும். அச்சுறுத்தப்பட்டவர் கருவுற்ற பின் மருத்துவமனைக்கு வரத் தயங்குவார், ஐந்தாம் மாதத்தில் மூச்சுத் திணறலோடுதான் வருவார். எனவே, ஒருவேளை கருவுற்றால் என்ன நடக்கும் என்பதையும் விரிவாகச் சொன்னோம். மாதவிடாய் தள்ளிய உடனே பரிசோதித்து, எனலாப்ரிலையும் ஸ்பைரோனோலாக்டோனையும் அன்றே நிறுத்தி, அதே வாரத்தில் எக்கோ எடுக்க வேண்டும். கர்ப்பத்தைத் தொடர்வதா கலைப்பதா என்ற பேச்சு ஆரம்ப வாரங்களிலேயே நடக்க வேண்டும். தாமதமானால் கலைப்பதும் ஆபத்தானது. தொடர்ந்தால் முதலாம், இரண்டாம் மூன்று மாதப் பருவங்களின் இறுதியிலும், பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பும், பிரசவத்தின் பின் வீடு திரும்பும் முன்பும், அதற்கு ஒரு மாதம் கழித்தும் எக்கோ தேவைப்படும். நிலை சீராக இருந்தால் வலி நிவாரணத்துடன் இயல்பான பிரசவமே விரும்பத்தக்கது. பிரசவத்துக்குப் பின் எர்கோமெட்ரின் தவிர்க்கப்பட வேண்டும். ஆக்சிடோசினை மெதுவாகச் செலுத்த வேண்டும்.

வேறு வழிகளையும் பேசினோம். வாடகைத்தாய் முறை சட்டப்படி கிடைக்கும் இடங்களில்கூட, அது இவருக்கு முழுவதும் பாதுகாப்பானது என்று நினைத்துவிடக்கூடாது. கருமுட்டை எடுப்பதற்குத் தரப்படும் ஹார்மோன் ஊசிகள் உடலில் நீர் தேங்கவும் இரத்தம் உறையவும் வழிவகுக்கக்கூடும் என்பதால் அதற்கும் இதயவியல் மேற்பார்வை தேவை. தத்தெடுப்பது பற்றிப் பேச்செடுத்தபோது, அதை முதலிலேயே யோசித்துவிட்டதாக அவர் கூறினார். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை.

அவர் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். அந்த இடைவெளியில் மாமியார் ஒருமுறை தனியாக வந்து, எக்கோவில் 53 என்று இருப்பதாகவும் அது நல்ல எண்தானே என்றும் கேட்டார். நோயாளியின் அனுமதியின்றி எதுவும் பேச இயலாது என்று கூறி, அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துவரலாம் என்று நோயாளியிடம் தெரிவித்தோம். மூவரும் வந்தார்கள். மருந்தோடு எடுத்த படத்தையும் மருந்தின்றி எடுத்த படத்தையும் ஒரே திரையில் அடுத்தடுத்து ஓடவிட்டோம். சுவர் உள்நோக்கி வரும் தூரம் இரண்டாவது படத்தில் குறைந்திருப்பதை விளக்கம் இல்லாமலேயே அவர்களால் பார்க்க முடிந்தது. மாமியார்தான் முதலில் பேசினார்: ‘அப்போ அந்த மாத்திரைதான் இவளைத் தாங்குதா?’ ஆலோசனை முழுவதையும் இதைவிடச் சுருக்கமாக எங்களில் எவரும் சொல்லியிருக்கவில்லை.

கருத்தரிப்பதில்லை என்ற முடிவை நோயாளி அதே சந்திப்பில் தெரிவித்தார். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் இரத்த உறைவு ஆபத்தைக் கூட்டுவதால் அவருக்கு ஏற்றவை அல்ல. காப்பர்-டி தொடர்ந்து இருக்கட்டும் என்று அவர் விரும்பினார். நிரந்தரக் கருத்தடை செய்துகொள்வதானால், தம் மனைவியின் இதயத்துக்கு இன்னொரு மயக்கமருந்து தேவையில்லை என்று கூறி, தாமே செய்துகொள்ள முன்வந்தார் கணவர். அதற்கான நாள் இன்னும் குறிக்கப்படவில்லை.

பின்தொடர்தல்

முடிவெடுத்து ஓராண்டு கழித்து எடுத்த எக்கோவில் வெளியேற்ற விகிதம் 54, கீழறை 52 மி.மீ. மூன்று மருந்துகளும் தொடர்கின்றன; மருந்து நிறுத்தியபோது நிகழ்ந்ததைக் கண்ட பிறகு அவற்றை வரையறையின்றித் தொடர்வதே எங்கள் பரிந்துரை. நோயாளியின் அண்ணனுக்கு எக்கோ எடுக்கப்பட்டது, இயல்பாக உள்ளது. மெட்டோப்ரோலால் உடலை அசத்துவதாகவும் அதன் அளவைக் குறைக்க முடியுமா என்றும் நோயாளி கடந்த சந்திப்பில் கேட்டார். இரவில் எடுத்துக்கொள்ளுமாறு நேரம் மாற்றப்பட்டுள்ளது. அசதி நீங்காவிட்டால் மூன்று மாதத்தில் அளவைப் பற்றி மறுபடி பேசுவதென்று ஒப்புக்கொண்டுள்ளோம்.